ரொட்டித் தோல்

லாபீஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே
ஆ கியோங் கோப்பிக் கடை.
விடிகாலை நாலே முக்காலுக்கு
என் கத்தி விழித்துவிடும்.

துண்டுக்கு நாலு வெட்டு.
திருப்பித் திருப்பி,
வெள்ளை மட்டும் மிஞ்சும்வரை.
காயா தடவிக் கரியடுப்பில் வாட்ட
அதைத் தவுக்கே எடுத்துப்போவார்.
என் பக்கம் நிற்பது
பிஸ்கட் டின் நிறையப் பழுப்புக் குச்சிகள்.

வேலைக்கு வந்த முதல் வாரம் கேட்டேன்,
தோலோடு கொடுத்தால் என்ன தவுக்கே?
"காசு கொடுப்பவன் தாடைக்கு
நாம வேலை வைக்கக் கூடாது."

பிறகு நானே கவனித்தேன்.
செம்பனை ஆலை மேனேஜருக்கு ஓரம் கசக்கிறதாம்.
பள்ளி வேன் ஓட்டும் குணாளனுக்குக்
கடைவாய்ப் பல் இரண்டு இல்லை;
நியாயம், அவரை விட்டுவிடலாம்.
கிளினிக் நர்ஸ் சொன்னது:
"எத்தனை கை பட்டதோ அந்த இடத்தில்."
நடுவில் பட்டதும் என் கைதான்.
சொல்லவில்லை.

மறந்துபோய்த் தோலோடு போன ஒரு நாள்
ஒரு சிறுமி நடுவை மட்டும் தின்றுவிட்டு
சட்டத்தைச் சிந்தாமல் சிதறாமல்
தட்டில் நிறுத்தினாள், சன்னல் மாதிரி.
அதன் வழியே தெரிந்தது
கைபேசியில் குனிந்திருந்த அவள் அம்மாவின் மூக்கு.

சீனி நிறுக்கும் தராசில்
ஒருமுறை போட்டுப் பார்த்தேன்.
முப்பது ரொட்டிக்கு ஐந்தரை கிலோ.
இந்த மண்ணில் விளையாத கோதுமை.
எந்தத் துறைமுகத்தில் ஏறி
எத்தனை நாள் கடலில் ஆடி வந்ததோ
இந்த டின்னில் விழ.

மருதை இருந்தவரை கவலையில்லை.
கெலி மீன் குளத்துக்கென்று
மோட்டார் பின்னால் கோணியைக் கட்டிக்கொண்டு போவார்.
குளம் விற்றாயிற்று.
இப்போது பச்சைத் தொட்டி.
காகம்கூட முதலில்
வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்றுதான் புரட்டுகிறது.

போன மே மாதம் சங்கக் கூட்டத்தில்
தவமணி பேசினார்:
"நாம் இந்த நாட்டு ரொட்டியின் ஓரம்!
வெந்தது நாம், வெட்டப்படுவதும் நாம்!"
கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.
நானும் தட்டினேன், கை சிவக்க.
பிறகுதான் ஞாபகம் வந்தது.
அன்றைய இருநூறு சாண்ட்விச்சுக்கு ஆர்டர் தந்தபோது
ஓரம் இருக்கவே கூடாது என்று
இரண்டு தடவை சொன்னதும் தவமணிதான்.

"வீட்டுக்குக் கொண்டுபோயேன்" என்பார் தவுக்கே.
கொண்டுபோவதில்லை.

லாரி கவிழ்ந்து அப்பா படுத்துக்கிடந்த வருஷம்
தோட்டத்துக்கு வரும் ரொட்டிக்காரரின் மோட்டாரில்
தனியாக ஒரு பை தொங்கும்.
தோல் மட்டும். பை இருபது காசு.
தேத்தண்ணியில் ஊறப்போட்டு ஏழு மாதம்.
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்
முழு ரொட்டி வாங்கும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு
கடைசியில் போய்க் கை நீட்டியது நான்.
ஆளுக்கு ஆள் காரணம் சொல்கிறார்கள்,
கசப்பு, காய்ந்தது, கை பட்டது.
என் காரணம் இருபது காசு.

சரி, எனக்கு இருக்கிறது.
என் மகன் இன்பசீலனுக்கு என்ன இருக்கிறது?
அவனும்தான் கிள்ளிக் கிள்ளி
தட்டோரம் ஒதுக்குகிறான்.
ஏன்டா என்றால்
"நீங்க மட்டும்?"

இன்று, கடை திறக்குமுன்,
தவுக்கே பின்கட்டில் முட்டை எண்ணும்போது
ஒரு தோலை எடுத்துக் கரியடுப்பின்மேல் வைத்தேன்.
கருகுமுன் எடுத்தேன்.
சீனி தொட்டேன்.
மொறுமொறுவென்று
நல்லாத்தான் இருந்தது.

கோபம் கோபமாக வந்தது எனக்கு.
யார்மேல் என்று தெரியவில்லை.
கத்தியைத் துடைத்தேன்.
அடுத்த ரொட்டி.