ஒன்று கூட

பாசிர் லாபாவில் மழை விட்டும்
மண் வேர்த்துக்கொண்டிருந்தது.
சுட்டு முடித்தோம்.
துப்பாக்கியின் விலாவில் கட்டிய வலைப்பை
பிடித்தது பாதி; மீதி
புல்லுக்குள் தெறித்து
ஈரம் பட்ட இடத்தில் ஸ்ஸ் என்றது.

குனிந்து பொறுக்கினோம்.
வங்கியின் கடன் பிரிவில் நான்,
வாடகைக் கார் ஓட்டும் ஃபைரூஸ்,
பல் மருத்துவர் வெய் ஜியே,
இன்னும் ஐம்பத்தேழு பேர்,
ஆண்டுக்கொரு முறை பச்சை உடுத்தி
தொப்பையை இடைவாருக்குள் அடக்குகிறவர்கள்.
தலைக்கவசத்தைக் கவிழ்த்து அதில் போட்டோம்.
அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி அல்ல,
கல்லில் அரிசி பொறுக்குவது மாதிரி.

பத்துப் பத்தாய்த் தகரத் தட்டில் நிறுத்தி
சார்ஜன்ட் ரோஸ்லான் எண்ணினார்.
கொடுத்தது இரண்டாயிரத்து நானூறு.
வந்தது
இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.
உதடு அசையாமல் எண்ணுகிறவர்
இரண்டாம் தடவை
உதட்டை அசைத்து எண்ணினார்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

தோளோடு தோள் வரிசையாய் மண்டியிட்டு
லாலாங் புல்லை விரலால் சீவினோம்.
கிடைத்தவை: ஒரு பத்துக் காசு,
மைலோ பொட்டலத்தின் உறிஞ்சுகுழல்,
செத்த வண்டின் முதுகு. அது மின்னியபோது
மூன்று பேர் கத்திவிட்டோம்.
ஃபைரூஸ் மகனின் பிறந்தநாள் கேக்கை
அவனில்லாமல் வெட்டிய காணொளி
ஒன்பது மணிக்கு வந்தது.

எனக்கும் ஒரு படம் வந்தது,
டெக்சஸிலிருந்து, அத்தை மகன் கதிரேசன்.
கார்க்கொட்டகை அலமாரியில்
இருபது ஊறுகாய் ஜாடிகள்,
கழுத்துவரை பித்தளைக் கூடுகள்.
"வால்நட் ஓட்டுத் தூளில் உருட்டினால் புதுசுதான்.
ஒரு கூட்டை ஆறேழு தடவை நிரப்பலாம்.
விலை ஏறப்போகிறது மச்சான்,
சேர்த்துவைக்கிறேன்."
எதற்கென்று நான் கேட்கவில்லை.
முழங்காலில் சேறு,
கொசு என் காதில்
தன் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பத்தே முக்காலுக்கு வெய் ஜியே கையைத் தூக்கினான்.
இடுக்கில் தேடிப் பழகிய விரல்.
வேரோடு ஒட்டி, மண் அடைத்து,
கறுத்த ஒன்று.
ரோஸ்லான் கட்டைவிரலால் தேய்த்தார்.
தேவைக்குமேல் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"சுக்குப்" என்றார். போதும்.

உள்ளங்கை விரித்து வரிசையில் நின்று
ஒவ்வொருவராய்ச் சொன்னோம்:
ரவையோ வெற்றுக் கூடோ
என்னிடம் ஒன்றுகூட இல்லை, ஐயா.

சுவா சூ காங், பன்னிரண்டாம் மாடி.
மதிவதனி தூங்கிவிட்டாள்.
குளியலறையில்
கணுக்கால் ரப்பர் வளையத்தை உருவியதும்
கால்சட்டை மடிப்பிலிருந்து விழுந்தது.
ஓட்டுத்தரையில் அந்த ஒலி!
வீடே எழுந்துவிடும் என்று நினைத்தேன்.
உருண்டு போய்
நீர்ப்போக்கியின் விளிம்பில் நின்றது,
பளபளவென்று, இன்றைக்குச் சுட்டது.

அப்படியென்றால் அங்கே கிடைத்தது?

எந்த வருஷத்துக் குறை அது?
அன்று எத்தனை பேர் மண்டியிட்டார்கள்,
யார் மகனின் கேக் காத்திருந்தது,
அவர்கள் கணக்கை
அதற்கும் முந்திய எது வந்து நிறைத்தது?

திருப்பிக் கொடுத்தால்
சரியான கணக்கு தப்பாகும்.
குப்பைக் குழாயில் போட்டால்
பன்னிரண்டு மாடியும் மணியடித்துக்கொண்டு இறங்கும்.
அடுத்த வருஷம் கொண்டுபோய்
லாலாங் வேரடியில் அழுத்திவிட்டு வரலாம்,
ஒன்று குறையப்போகிற எவனுக்கோ.
அதுவரை?

கதிரேசனுக்கு எழுதினேன்:
மொத்தம் எத்தனை வைத்திருக்கிறாய்?
அவனுக்கு அங்கே நண்பகல். உடனே பதில்:
"எண்ணினதே இல்லையே."

சமையலறை விளக்கைப் போடாமல்
அரிசி வாளிக்குள்
முழங்கைவரை கையை விட்டு
மெதுவாக
விரல்களை விரித்தேன்.