விபத்தில்லா நாட்கள்

அடுக்கம்பாறை பெரிய ஆஸ்பத்திரியில்
சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
பிள்ளையை என் பக்கம் நீட்டினார் நர்ஸ்.
"கழுத்தப் புடிங்க. கழுத்து, கழுத்து."
கழுத்தே இல்லை அதற்கு.
தலை முடிந்த இடத்திலேயே
தோள் தொடங்கியிருந்தது.

இரண்டு கிலோ அறுநூறு.
சிப்காட்டில் நான் சுமக்கும் தோல்கட்டு
ஒன்று நாற்பது கிலோ இருக்கும்.
அதைத் தூக்கும்போது
எங்கே பிடிப்பதென்று
ஒருவரும் சொல்லித்தந்ததில்லை.

எனக்கு ஒன்பது விரல்.
மீதி ஒன்று கட்டிங் பிரஸ்ஸுக்குப் போனது.
கம்பெனி வாசலில் ஒரு பலகை:
'விபத்தில்லா நாட்கள்'.
இருநூற்றுப் பதினொன்றில் இருந்தது.
அன்று மதியம் சாக்பீஸால்
பூஜ்யம் போட்டார்கள்.
அந்தப் பூஜ்யத்துக்குள் என் விரல் இருக்கிறது என்று
இன்றும் நினைத்துக்கொள்வேன்.

தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்தபடி
பின்னால் வந்தாள் எப்சிபா.
மறுகையில் வயர்கூடை, பிளாஸ்க்.
ராணிப்பேட்டைக்கு ஆட்டோ
ஆயிரத்து இருநூறு கேட்டது.
பையில் இருந்தது முந்நூற்று நாற்பது.
நாலு நாள் பிள்ளையைக் கையில் ஏந்தி
கூட்டத்தில் போகலாமா கூடாதா,
டாக்டரைக் கேட்க நினைத்திருந்தேன்.
முந்நூற்று நாற்பது ரூபாய்
பதில் சொல்லிவிட்டது.

பஸ்ஸில் ஒரே ஒரு சீட்.
அவளை உட்காரவைத்தேன்.
மடியில் வைத்தால் தையலில் இடிக்கும்.
"இங்க குடுப்பா கொயந்தய."
"நான் வச்சிக்கிறேன், குடு."
மூன்று மடிகள் திறந்தன.
ஒன்றில் வெங்காய மூட்டை வாசம்,
ஒன்றில் ஈரத்துண்டு,
ஒன்றில் ஏற்கெனவே ஒரு பிள்ளை.
கொடுக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.
கொடுத்தால் திரும்ப வாங்கத் தெரியாதோ என்று
ஒரு பயம்.

பக்கத்தில் ஒருவர் இருமினார்.
நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து வரும் இருமல்,
கல்குவாரி இருமல்.
துண்டால் வாயை மூடிக்கொண்டுதான் இருமினார்.
இருந்தும்
சட்டென்று அவருக்கு முதுகைக் காட்டினேன்.
மேஸ்திரி திட்டும்போதுகூட
முகத்தைத் திருப்பாதவன் நான்.

பாகாயத்தில் ஒரு எருமை.
டிரைவர் பிரேக் அடித்தார்.
மேலே கம்பி இருந்தது, பிடிக்கக் கை இல்லை.
இரண்டு கையிலும் இரண்டு கிலோ அறுநூறு.
கால் நழுவியது.
முன்னால் விழக்கூடாது,
முன்னால் விழக்கூடாது
என்பதைத் தவிர
உடம்பில் வேறு எண்ணமே இல்லை.

விழவில்லை.
பின்னாலிருந்து ஒரு கை
என் பெல்ட்டைப் பிடித்திருந்தது.
மாட்டைத் தும்பில் பிடிப்பதுபோல,
முரட்டுத்தனமாக, மூச்சு முட்ட.
எருமை போனது. பஸ் கிளம்பியது.
கை விடவில்லை.
தொரப்பாடி ஜெயில் மதிலைத் தாண்டியும்
விடவில்லை.
இடையிடையே இருமல் வரும்போது
பிடி மட்டும் கொஞ்சம் அதிரும்.
அந்த அதிர்வு என் முதுகெலும்பு வழியாக ஏறி
கை வழியாக இறங்கி
பிள்ளையின் கன்னத்தில்
கண்ணுக்குத் தெரியாத அளவு நடுங்கியது.
அது தூங்கிக்கொண்டிருந்தது.

வேலூரில் இறங்கித் திரும்பினால்
கூட்டம்.
எல்லோர் தோளிலும் துண்டு.

அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.
பாலாற்றுப் பாலம் வந்தபோது
"கைய மாத்தி வையி, மரத்துப்போவும்" என்றாள் எப்சிபா.
மாற்ற முடியவில்லை.
முழங்கை வளைந்த இடத்திலேயே
பூட்டிக்கொண்டிருந்தது.
வீட்டில் பாயில் கிடத்திய பிறகும்
கொஞ்சநேரம்
வெறும் காற்றை ஏந்தியபடி நின்றேன்.

"இன்னா தேடற?"
"சாக்பீஸ்."
கிடைக்கவில்லை.
பால்கணக்கு எழுதும் பென்சிலால்
கதவுக்குப் பின்னால்
நாலு என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
அதன் பக்கத்தில்
ஒரு கை வரைந்தேன். விரல்களை எண்ணாமல்.