திரும்பு

அண்ணன் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் லீவு.
காவல்கிணறு விலக்கில் இறங்கும்போதே
காற்று பெட்டியைப் பிடுங்கப் பார்த்தது.
ஆனி மாதம், கேட்கவா வேண்டும்.

பந்தலுக்குக் கூடுதல் கயிறு இழுத்துக்கொண்டிருந்த
இசக்கிதுரை அத்தான் முடிச்சை விடாமல் கேட்டார்:
“அந்தச் சண்டைய நீ பாத்தியா பிள்ள?”

பார்க்கவில்லை.
யாருமே பார்க்கவில்லை அத்தான்.
சன்னல் இல்லாத அறை, ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டர்,
திரையில் அரிசிமணி அளவில் எங்கள் ஆள்,
எதிரே இன்னொரு மணி.

“சேவக்கட்டு கணக்கா இருக்கும்னுல்லா நெனச்சேன்.”

சேவற்கட்டில் இரண்டும் ஒரே புழுதியில் நிற்கும்,
ஒன்றன் கண்ணை ஒன்று பார்க்கும்.
இதில் ஒரு சேவல் கோவில்பட்டிச் சந்தையில்,
மற்றது நம் பணகுடித் தெருவில்.
அங்கே கிளம்பிய கத்தி
இரண்டு நிமிஷம் ஆகாமல் இங்கே வந்துவிடும்.
வழியெல்லாம் அதற்குக் கண் தெரியாது.
விட்டவன் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்:
கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம், இன்னும் கொஞ்சம்.
வள்ளியூர் தாண்டினால்தான் சொந்தக் கண்ணைத் திறக்கும்,
அப்புறம் யார் பேச்சையும் கேட்காது.

வழி சொல்கிறவன் பாதியில் முகம் திருப்பினால் அது தடுமாறும்.
திருப்பாமல் நின்றால்
எதிராளி விட்டது அவனைத் தேடி வரும்.
இவ்வளவுதான் அத்தான்.
யார் முதலில் திரும்புவது.

எங்கள் ஆளின் முகம் எனக்குத் தெரியாது.
மூச்சு தெரியும்.
அன்றைக்கு மூக்கடைப்பு.
சளி பிடித்தவரைப் பறக்க விடமாட்டார்கள்,
டாக்டரிடம் மறைத்திருக்கிறார்.
‘விட்டாச்சு’ என்றார்.
கொஞ்ச நேரத்தில் அவர் காதருகே கருவி அலறியது
எனக்கும் கேட்டது.
‘இன்னும் பத்து செகண்ட்’ என்றார்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துச் சில்லறை தேடுகிற நேரம்.

அதற்கென்று பயிற்சியில் ஒரு ஆங்கிலச் சொல் உண்டு,
தூக்கத்திலும் சொல்வேன்.
என் வாயில் வந்ததோ வீட்டுச் சொல்:
“திரும்பு.”
வாங்க போங்க கூட இல்லை.
அவர் அசாமோ பஞ்சாபோ,
எப்படிப் புரிந்ததோ, திரும்பினார்.
துரத்தி வந்தது இழுக்க மூச்சில்லாமல்
எங்கோ கட்டாந்தரையில் விழுந்தது.

எதிர்மணி மறைந்தது.
அடிபட்டு மறைந்ததா,
மலைக்குப் பின்னால் தாழ்ந்து மறைந்ததா,
என் ரிப்போர்ட்டில் அந்தக் கட்டம் இன்னும் காலி.
அன்றிலிருந்து இரண்டு பக்கமும்
அந்தத் துண்டு வானத்துக்குள் போவதில்லை.
ஒருவரும் விடாத நாளிலும்
அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஆறரைக்கு மகேந்திரகிரி உறுமியது.
பிரியாணிச் சருவத்தின் மூடி தானாய் நடுங்கியது.
“மலையில டெஸ்டு” என்றாள் அம்மா,
தேங்காய் துருவும் கையை நிறுத்தாமல்.
நான் மட்டும் எழுந்து நின்றிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா ஒருவர்
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு விசாரித்தார்:
“எத்தன பிளேன விழுத்தாட்டுனம்மா?”
ஒருத்தரைத் திருப்பினேன் என்றேன்.
“அவ்வளவுதானா” என்று
ஜெனரேட்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

ராத்திரி மொட்டைமாடியில் அத்தானும் நானும்.
தெற்கே இருட்டு முழுக்கக் காற்றாலைச் சிவப்பு விளக்குகள்.
எங்கள் ரேடாருக்கு இவை பெருந்தொல்லை.
நின்ற இடத்தில் சுற்றுகிற இறக்கை
பறந்து வருவதுபோல் ஏமாற்றும்.
பழக்க தோஷம், எண்ணினேன்.
இருபத்துமூன்றில் ஒன்று எரியவில்லை.

“பல்பு போயிருக்கும்” என்றார் அத்தான்.

இறக்கையாவது சுற்றுகிறதா என்று காது கொடுத்தேன்.
பந்தல் துணி படபடத்த சத்தத்தில்
ஒன்றும் பிடிபடவில்லை.