நாற்காலிக்கு நாலு கால்

என் வேலை எண்ணுவது.
பிராட்வே முனையில், மூடிய வங்கியின் படியில்,
கட்டைவிரலுக்கடியில் ஒரு சொடுக்கி.
நடப்பவருக்கு ஒரு சொடுக்கு,
நிற்பவருக்கு இரண்டு.
உட்கார்பவருக்குத் தனித்தாள்.
ஏப்ரல் முழுக்க அது வெள்ளையாகவே கிடந்தது.

ஈரி ஏரியின் காற்று மட்டும்
நாள் தவறாமல் வரும்.
ஜவுளி மாளிகையின் ஒட்டுப்பலகையைத் தட்டிப் பார்த்து
ஆளில்லை என்று திரும்பிப் போகும்.
கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள் என்று எழுதலாம்தான்.
ஈயும் புறவழிச்சாலைப் பேரங்காடிக்குக்
குடிபோயிருந்தது.

உருக்காலை மூடிய பிறகு
நகரசபை நிறைய யோசித்தது, பாவம்.
ஒருமுறை தெருவை அடைத்து நடைவீதி ஆக்கியது.
நடக்க யாரும் வராததால் திரும்பத் திறந்தது.
ஒருமுறை நீரூற்று. ஜனவரியில் குழாய் வெடித்தது.
ஒருமுறை ஆளுயரப் பூந்தொட்டிகள்,
கம்பந்தோறும் 'புத்துயிர்' என்று பதாகை.
பெஞ்சுகளின் நடுவில் இரும்புத் தடுப்பு:
யாரும் படுக்கக் கூடாதாம்.
யாரும் உட்காரவும் இல்லை.
படுக்க விடாத இடத்தில்
உட்காரவும் உடம்பு கூசும் போலிருக்கிறது.

மே மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொருவர்.
காப்பி அறுபது பேருக்கு.
ஆலோசகர் திரையில் மரம் நட்டார்,
முகமில்லாத மனிதர்களை நாயோடு உலவவிட்டார்,
பதினெட்டு மில்லியன் என்றார்,
தண்ணீர் குடித்தார்.

பின்வரிசையில் ஓடாலிஸ் கினியோனெஸ் எழுந்தாள்.
மூன்றாம் எண் பேருந்து ஓட்டுகிறவள்,
சீருடைகூட மாற்றவில்லை.
"வண்டி திருப்ப எனக்கு ஒன்பது நிமிஷம் இருக்கு.
அதுவரைக்கும் உட்கார ஒரு நாற்காலி.
வெயில் போற பக்கம் நானும் இழுத்துட்டுப் போற மாதிரி.
அவ்வளவுதான்."

சிரித்தார்கள்.
"சங்கிலி இல்லாமலா? ஒரு ராத்திரி தாங்காது."
பூங்காத் துறை மார்கிட் ஸாபோ மட்டும் சிரிக்கவில்லை.
மூடிய பள்ளியின் கிடங்கிலிருந்து நாற்பது எடுத்து,
மிச்சமிருந்த பச்சையை அடித்து,
சதுக்கத்தில் இறைத்துவிட்டுப் போனாள்.
வரிசைகூடப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை முப்பத்துமூன்று.
ஏழுக்குக் கால் முளைத்துவிட்டது.
நாற்காலி என்று பெயரும் வைத்துவிட்டு
நடக்காதே என்றால் எப்படி?

ஆனால் வெள்ளைத் தாளில் அன்றுதான் முதல் கோடு:
ஓடாலிஸ், ஒன்பது நிமிஷம், கிழக்குப் பார்த்து.
அப்புறம் நீதிமன்றத்திலிருந்து ஒரு ஆணும் பெண்ணும்,
இருவர் கையிலும் ஒரே கையெழுத்தின் நகல்.
நாற்காலிகளைத் தள்ளிப் போட்டார்கள்.
பிறகு, பேச்சு காதில் விழவில்லை என்று
ஒரு சாண் கிட்டே இழுத்தார்கள்.
மதியம் லாவெல் ப்ரூயிட்
மூன்றைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டான்.
படுப்பவருக்கு என்னிடம் கட்டம் கிடையாது.
உட்கார்ந்தவர் மூவர் என்று எழுதினேன்.

ஊரைச் சரிசெய்ய எது வேண்டும் என்று
இப்போதும் எனக்குத் தெரியாது.
ஜவுளி மாளிகைப் பலகை அப்படியேதான் இருக்கிறது.
ஒரு வேளைக்கு ஒரு கடை,
சோளப் பணியாரமோ என்னவோ,
வண்டி கொண்டுவந்து நிறுத்துகிறது. சில நாள் வருவதில்லை.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் எண்ணினேன்.
முப்பத்துநான்கு.
மறுபடி எண்ணினேன்.
பச்சைகளுக்கு நடுவே பழுப்பாய் ஒன்று,
யார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்தோ,
இருக்கைப் பிரம்பு கிழிந்தது.
அடுத்த வாரம் ஒரு பியானோ முக்காலி.
அப்புறம் கடற்கரைச் சாய்வு.
போன ஏழு வரவே இல்லை.
செப்டம்பர் கடைசியில் நாற்பத்துமூன்று.
ஸாபோவிடம் சொன்னேன்.
"கணக்கு உதைக்குதே" என்றாள்.
முகத்தில் கவலையைக் காணோம்.

நவம்பரில் முதல் பனி.
பொழுது விடியுமுன் வந்துவிட்டேன்.
சதுக்கத்தில் ஓர் உயிர் இல்லை.
வங்கி நிழலிலிருந்து வெயில் விழப்போகும் இடம்வரை
பனியில் நாலு கோடு,
பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் தடம்.
கோட்டின் முடிவில் நாற்காலி. இருக்கையில் பனி இல்லை.

நடந்தவர் தாளா, உட்கார்ந்தவர் தாளா?
கட்டைவிரல் கொஞ்ச நேரம் காத்திருந்தது.