குண்டுகாப்பறையில் முக்காலி

செங்காங், பதினோராம் மாடி.
போர் வந்தால் பதுங்க
வீவக கட்டிக்கொடுத்த அறையில்
முக்காலி வளர்க்கிறேன்.

மரத்தூள், சுங்கை காடுட் பட்டறையில்.
கோப்பிச் சக்கை, கீழே கடையில்.
"செடிக்கா?" என்பார் ஆ சூன்.
தலையாட்டிவிடுவேன்; பின்னால் வரிசை நீளம்.

ஒன்பதாம் நாள்
அச்சு முழுக்க வெள்ளை.
பாலாடை என்று எழுதினேன், அடித்தேன்.
பஞ்சு. அதையும்.
சக்கையைத் தின்று, சக்கையோடே
தன்னைத் தைத்துக்கொள்ளும் பூஞ்சைக்கு
என்னிடம் உவமை இல்லை.

பாதி வேலை புழுக்கத்தினுடையது.
ஏர்கானுக்கு ஓடும் ஊரில்
வியர்வையை விரும்பும் ஒரே குடியிருப்பாளர் இது.

கண்காட்சிக்காரர்கள் கேட்டார்கள்:
"உயிருள்ள பொருள்" என்று போடலாமா?
அடுப்பில் எண்பது டிகிரி, ஆறு மணி நேரம்.
அதற்குப் பிறகுதான் அது பொருள்.
இதை எங்கே போடுவது?

ஐந்தைச் சுட்டேன்.
ஆறாவதற்கு அடுப்பைத் திறந்தேன்,
மூடிவிட்டேன்.

நான்காம் நாள் காட்சிக்கூடத்தில்
அதன் காலோரம்
காது மாதிரி ஒரு காளான்.
தரை துடைக்க வந்த ஷெரீனா
மாப்பை நிறுத்திக் குனிந்தார்.
"எடுத்துடவா?"
வேண்டாம்.
"சமைக்கலாமா?"
தெரியலையே என்றேன்.

அதைச் சுற்றி மட்டும்
துடைத்துவிட்டுப் போனார்.