நூற்றைந்துக்குக் கீழே

நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை
மூச்சுக்கு எத்தனை லிட்டர் என்பதால் வகுக்க வேண்டும்.
நூற்றைந்துக்குக் கீழே வந்தால்
குழாயை எடுத்துப் பார்க்கலாம்.
பார்க்கலாம் என்றுதான் புத்தகமும் சொல்கிறது.

நான்காம் கட்டில், பஞ்சவர்ணம்,
களிமண்குண்டு,
கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர்.
படுத்திருந்த பாயில் கட்டுவிரியன்.
கடித்தது தெரியாமலே விடிந்து
இமை தூக்க முடியாமல்
ராமநாதபுரத்துக்கு வந்து சேர்ந்தார்.
பாறை கிழித்துக் கிழித்துத் தடித்த விரல்களில்
ஆக்சிஜன் கிளிப்புக்கு ஒன்றும் பிடிபடவில்லை.
காது மடலில் மாட்டினோம்.

திங்கட்கிழமை முப்பத்தெட்டைப்
புள்ளி இரண்டு நாலால் வகுத்தேன்.
நூற்று ஐம்பத்தெட்டு.
மெஷினையே திரும்ப மாட்டிவிட்டேன்.
வெளியே வில்லாயுதம் கேட்டார்,
"நாளைக்கி எடுத்துருவீகளா?"
கச்சான் எப்போது விழும் என்று
நான் அவரைக் கேட்டிருந்தால்
ஒரு நாளைச் சொல்லியிருப்பார்,
சொல்லிவிட்டு வள்ளத்தை எதற்கும்
இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துப் போட்டிருப்பார்.
பார்ப்போம் என்றேன்.

போன வாரம் ஏழாம் கட்டிலில்
தொண்டிக்காரர் பக்கீர் முகைதீனுக்கு
எழுபத்திரண்டு வந்தது. அழகான எண்.
எடுத்தோம். டீ கேட்டார்.
ஆறு மணி நேரம் கழித்து
வேறொரு குழாயை அதே தொண்டையில்
நானே இறக்கினேன்.
அந்த எழுபத்திரண்டை எந்தப் பக்கத்தில் எழுதுவது
இன்னும் தெரியவில்லை.

இன்று புதன், காலை ஆறரை.
தலையைத் தூக்குங்க என்றேன்.
ஐந்து எண்ணும்வரை
தலையணைக்கும் பிடரிக்கும் நடுவே
ஒரு கை நுழையும் இடம் இருந்தது.
மெஷினைக் கழற்றினோம்.
தானாக அரை மணி நேரம் தாங்க வேண்டும்.
இருபத்தாறு. புள்ளி மூன்று ஒன்று.
எண்பத்து நாலு.

பதினெட்டாவது நிமிடம்
மார்பு நின்றது.
பத்து விநாடி. இருபது.
சிஸ்டர் ரெஜினா காற்றுப் பையைக் கையில் எடுத்துவிட்டார்.
காது மடலில் தொண்ணூற்றெட்டு, அசையாமல்.
முப்பது.
பஞ்சவர்ணத்தின் கண் திறந்தே இருந்தது.
தண்ணீருக்கு அடியிலிருந்து
மேலே நிற்கும் ஆளைப் பார்ப்பது மாதிரி
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு, அவசரமே இல்லாமல், ஒரு பெரிய மூச்சு.

அடக்கிப் பார்த்திருக்கிறார்!
தன்னுடையது தன்னிடம் வந்துவிட்டதா என்று.

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.
ரெஜினாவுக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது,
எனக்கும்தான்.

ஏழரைக்குக் குழாய் வெளியே வந்தது.
இருமினார். நல்ல இருமல்,
பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.
கரகரத்த குரலில் முதல் கேள்வி:
"அமாவாசை போயிருச்சா?"
மூணு நாளாச்சு என்றேன்.
காயம் காய்ந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி
பாசித் தண்ணீருக்கு மிச்சம் இருக்கிற நாளை
எண்ண ஆரம்பித்தார்.
பேசாதீங்க என்றேன்,
அவர் பேசவே இல்லை.

புதுக் குழாய் ஒன்று
உறை பிரிக்காமல்
கட்டில் தலைமாட்டில் இருக்கிறது.
நாளை மறுநாள் காலைவரை
அதை யாரும் எடுத்து வைக்கக் கூடாது.