ஆட்டுத்தோல்

பௌஷ மாதம் பாதி கடப்பதற்குள்
முக்திநாத்தில் மூச்சு தவிர எல்லாம் உறைந்துவிடும்.
அந்த மூச்சையும் நிறுத்தத்தான் நான் வந்திருந்தேன்.
உஜ்ஜயினி நகராட்சியில் முப்பத்தோர் ஆண்டு
கோப்பு பார்த்த மாதவ் ஜோக்லேகர்:
ஓய்வூதியம், முழங்கால் வலி, உட்கார ஒரு மான்தோல்.
மான்தோல் என்று விற்றார்கள். ஆட்டுத்தோல்தான்.

ராணிபவ்வாவில் பூட்டிய விடுதியின் மாடியறை.
விடியல் மூன்று மணி.
பதினாறு எண்ணி இழு,
அறுபத்து நான்கு நிறுத்து,
முப்பத்திரண்டில் விடு.
பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில்
அறுபத்து நான்கு எண் அல்ல, மலை.
முதுகெலும்பின் அடியில் சுருண்டு கிடப்பவள்
குளிருக்கு இன்னும் இறுக்கிச் சுருண்டாள்.

நாற்பத்தொன்றில்
டங்.

கோயிலின் பின்சுவரில் நூற்றெட்டுக் காளைமுகங்கள்.
அவற்றின் வாய்நீரில் தலை கொடுத்தவனை
இனிப் பிறவி நனைக்காது என்பார்கள்.
அந்தப் பித்தளை வாய்களில் பனி உடைக்கிறாள் யாங்சோம்.
ஒரு கையில் சுத்தியல்,
மறுகையில் கரிபிடித்த கெட்டில்.
டங். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணு.
டங்.

நான்காம் நாள் இறங்கிப் போய்க் கத்தினேன்:
"யாத்திரைக்காரன் ஒருத்தனும் இல்லை,
யார் குளிக்க உடைக்கிறாய்?"
கெட்டிலைச் சாய்த்தபடியே,
உடைந்த இந்தியில் அவள்:
"தண்ணி கோயிலோட முடியலையே.
கீழே செவாங் தொழுவத்தில் பதினாலு மாடு.
இங்கே அடைச்சா அங்கே நாக்கு வறளும்."
அடுத்த வாய்க்கு நகர்ந்தாள்.

செவாங் அவள் கணவனின் தம்பி.
பனிச்சரிவு அண்ணனை மூடிய வருஷமே
அண்ணி விரலைப் பிடித்து மை தொட்டு
வயலை எழுதிக்கொண்டவன்.
இதை அவள் சொல்லவில்லை.
விடுதிச் சமையல்காரன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னான்,
இன்று உப்பு குறைவு என்பது மாதிரி.

அன்று இரவு உட்கார்ந்தேன், கண் மூடவில்லை.
க்ஷிப்ரா கரையோரம் ரேவாபாய் மாலவீயாவின் வீடு;
வீட்டின் பின்னே ஆறடிச் சந்து.
வரைபடத்தில் இருந்தது. பிறகு இல்லை.
சவரப் பிளேடால் சுரண்டியெடுத்தேன்,
காகிதம் கிழியாமல், சுத்தமாக.
அந்த வருஷம்தான் எங்கள் வீட்டில் ஸ்கூட்டர் வந்தது.

எட்டுப் படி என்கிறது சாத்திரம்.
கொல்லாதே, பொய்யாதே, திருடாதே, குவிக்காதே என்பது முதற்படி.
தூய்மையும் போதும் என்ற மனமும் இரண்டாம் படியில்.
மூன்றாவதில்தான் ஆசனமே வருகிறது.
நான் நேரே மூன்றாவதில் ஏறி உட்கார்ந்தவன்.
ஓடும் பேருந்தில் பின்வாசல் வழியே தொற்றி,
நடத்துநர் முன்னால்தானே இருக்கிறார் என்று
சன்னலோர இடம் பிடித்தவன்.

மறுநாள் விடியலில் சத்தம் இல்லை.
அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று,
அறுபத்து நான்கு.
முதல் முறையாக.
சுண்ணாம்படித்த சுவர் மாதிரி ஓர் அமைதி.
அந்தச் சுவரில்
எங்கிருந்தோ பிளேடு சுரண்டும் ஒலி.

எழுந்து போனேன்.
யாங்சோமுக்குக் காய்ச்சல்.
சுத்தியல் வாசலில் கிடந்தது, பிடியில் துணி சுற்றி.

முதல் அடியிலேயே ஒரு காளையின் காதை நசுக்கினேன்.
பத்தாவதில் விரல் மரத்தது.
முப்பதுக்கு மேல் எண்ணிக்கை போயிற்று.
மூச்சு தன் பாட்டுக்கு நின்றது, வந்தது,
யாரும் அதைக் கவனிக்கவில்லை.
வெளுக்கும் நேரம்
கீழே எங்கோ மாட்டுமணிகள்
ஒவ்வொன்றாகத் தண்ணீரை நோக்கி நகர்ந்தன.

கம்பளி போர்த்தி வந்து நின்ற யாங்சோம்
காதைத் தடவிப் பார்த்தாள்.
"ஈயம் வைக்கணும். காசு யார் தருவா?"
தந்தேன். எண்ணி வாங்கிக்கொண்டாள்.

ஜோம்சோமுக்கு மதியம் ஜீப் உண்டா என்று விசாரித்தேன்.
தலை நனைக்கவில்லை.
அந்தக் கோப்பின் எண் இன்னும் மனப்பாடம்,
மந்திரத்தைவிடத் தெளிவாக.
ரேவாபாய் உயிரோடு இருக்கிறாளா, தெரியாது.

குத்துக்காலிட்டுப் பனி உடைப்பவளுக்கு
முழங்காலுக்கு அடியில் போட ஆகும் என்று
தோலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.
ஆடு என்று சொல்லித்தான் கொடுத்தேன்.